கிட்னியைக் கெடுத்தது மாத்திரை இல்லை மக்கா

பதிவு நீளம்தான். கும்பிடு படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாமல் கடைசிவரை வாசியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், சில இடங்களில் வார்த்தை சூடாக இருக்கும். வகுப்பில் கேட்டுப் பழகிய குரல்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவிலும் எங்கள் குடும்பக் குழுவிலும் ஒரே குரல்பதிவு வந்தது. நாலரை நிமிஷம். பேசுகிறவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன படித்தார் என்றும் இல்லை. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான் கிட்னியைக் கெடுக்கிறதாம். முதலில் மாத்திரையை விற்பார்களாம், பிறகு டயாலிசிஸை விற்பார்களாம். இன்றைக்கே நிறுத்திவிட்டு அவர் சொல்லும் பொடியைச் சாப்பிட வேண்டுமாம். அதற்குக் கீழே பதினேழு கட்டைவிரல். அந்தப் பதினேழு பேரில் பாதிப் பேருக்கு அறிவியல் எடுத்தவன் நான்.

கட்டைவிரலோடு போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு என் சொந்தத்தில் ஒரு மதினி பிரஷர் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. ஏன் மதினி என்று கேட்டால், "அடுத்த தெரு அண்ணாச்சி பத்து வருஷமா மாத்திரை சாப்பிட்டாவ, இப்ப வாரத்துக்கு ரெண்டு மட்டம் திருநெல்வேலிக்கு ரத்தம் சுத்தம் பண்ணப் போறாவ. ஒரு மாத்திரை தொடாத எங்க ஆச்சி தொண்ணூறு வரைக்கும் இருந்தா. அப்ப எது கெடுத்துச்சு, நீங்களே சொல்லுங்க" என்கிறார்கள்.

சொல்கிறேன். மாத்திரை சாப்பிட்டார், பிறகு கிட்னி போனது, ஆகவே மாத்திரையால்தான் போனது. குடை பிடித்தவன் எல்லாம் நனைந்திருக்கிறான், ஆகவே குடையால்தான் மழை என்பது போன்ற கணக்கு இது. அண்ணாச்சிக்கு மாத்திரை எழுதக் காரணமாக இருந்த சர்க்கரையையும் பிரஷரையும் இந்தக் கணக்கில் யாருமே சேர்க்கவில்லை.

மாத்திரையே இல்லாத காலத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்றொரு மருத்துவர். உடம்பு வீங்கி வரும் நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். சிலருடையது முட்டையின் வெள்ளைக்கரு போல வெள்ளையாகத் திரண்டு வரும். அவர்கள் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தால் கிட்னி சீர்கெட்டுக் கிடக்கும். இதை அவர் 1827-ல் புத்தகமாக வெளியிட்டார். திரண்டது ஆல்புமின் என்ற புரதம், வெள்ளைக்கருவில் இருப்பதும் அதன் இனம்தான். பிரஷருக்கு ஒழுங்கான மாத்திரைகள் வந்தது 1950-களில். சர்க்கரைக்கு விழுங்கும் மாத்திரை வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் கிட்னி எப்படிக் கெடுகிறது என்று பாஸ்டனில் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது 1936. எந்த மாத்திரை அந்த நோயாளிகளின் கிட்னியைக் கெடுத்தது? பொடி விற்கிறவர் பதில் சொல்லட்டும்.

இனி, எப்படிக் கெடுகிறது என்பது. இதற்குப் படம் வேண்டாம், நம் ஊர் வயல் போதும்.

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னடியன் கால்வாயில் வருகிற தண்ணீர் மடை வழியாக வயலுக்குள் வருகிறது, மறுபக்கம் வடிமடை வழியாக வெளியே போகிறது. இரண்டு மடையும் சீராக இருந்தால் வயலில் தண்ணீர் அளவோடு நிற்கும். கிட்னியில் மடை என்பது உள்ளே வரும் நுண்ணிய ரத்தக்குழாய், வடிமடை என்பது வெளியே போகும் குழாய், வரப்பு என்பது வடிகட்டியின் சுவர். அந்தச் சுவர் வழியாக நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போல சிறுநீராக வெளியேறும், மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். ஆல்புமின் மாதிரிப் பெரிய சரக்கை வரப்பு தாண்டவிடாது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் முதலில் நடப்பது என்ன? உள்மடை அகலத் திறந்துகொள்கிறது, வடிமடை ஒடுங்குகிறது. வயலில் தண்ணீர் மட்டம் ஏறுகிறது. இந்தக் கட்டத்தில் கிட்னி வழக்கத்தை விட அதிகமாக வடிகட்டும் என்பதுதான் வேடிக்கை. சோதித்தால் எல்லாம் பிரமாதமாக இருப்பது போலத் தெரியும். உள்ளே வரப்பு ஊறிக்கொண்டிருக்கும். இதோடு பிரஷரும் சேர்ந்தால், வாய்க்காலிலேயே வெள்ளம். சாதாரணமாக வாய்க்காலில் வெள்ளம் வந்தால் உள்மடை தானே ஒடுங்கி வயலைக் காப்பாற்றும். சர்க்கரைக்காரருக்கு அந்த மடை பழுது. மேலே எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ அவ்வளவும் அப்படியே வயலுக்குள் இறங்குகிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்த ஆளுக்கு வேகமாகக் கெடுகிறது. வரப்பு அரித்துச் சில வயல்கள் அழிந்தபின், அழிந்ததன் பங்குத் தண்ணீரையும் மிச்ச வயல்கள் சுமக்க வேண்டும். அவையும் அரிக்கும். கெட்ட கிட்னி உடம்பில் உப்பைத் தேக்கி, பிரஷரை இன்னும் ஏற்றிவிடும்.

இப்போது அந்தக் கெட்ட பெயர் வாங்கிய மாத்திரைக்கு வாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் என்று உங்கள் வீட்டு அட்டையில் பெயர் இருக்கும். இவை பிரஷரைக் குறைப்பதோடு நிற்பதில்லை. ஒடுங்கிக் கிடக்கிற வடிமடையைத் திறந்துவிடுகின்றன. வயலில் மட்டம் இறங்குகிறது, வரப்பு தப்புகிறது. புதிதாக வந்திருக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் அகலத் திறந்த உள்மடையை அளவோடு ஒடுக்குகின்றன. இது வாய்ப்பேச்சு இல்லை. சர்க்கரையால் கிட்னி ஏற்கெனவே பாதிக்கப்பட்ட 1,513 பேரை இரண்டு பிரிவாக்கி, இரு பிரிவுக்கும் மற்றப் பிரஷர் மாத்திரைகளைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் லோசார்டனைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2001-ல் முடிவு வந்தது. லோசார்டன் சேர்த்தவர்களுக்குக் கிட்னி முற்றிலும் செயலிழக்கும் அபாயம் 28 சதவீதம் குறைவு. மாத்திரை கிட்னியைக் கெடுப்பதாக இருந்தால் கூடத்தானே செய்திருக்க வேண்டும்?

அப்படியானால் இந்தப் பேச்சுக்கு அடிவாரமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் குரல்பதிவுக்காரர் மாதிரி ஆகிவிடுவேன். வடிமடையைத் திறந்ததும் வயலில் மட்டம் இறங்கும் அல்லவா, அப்போது வடிகட்டும் வேகமும் சற்றுக் குறையும். ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். முப்பது சதவீதம் வரை ஏறினால் மருத்துவர்கள் பதறுவதில்லை, ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்ப்பார்கள். இதை யாரும் நோயாளிக்கு உட்கார்ந்து விளக்குவதில்லை. நோயாளி ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், "மாத்திரை போட்டபின் ஏறிவிட்டது" என்கிறார். கதை பிறந்துவிடுகிறது. மெட்ஃபார்மின் கதையும் இப்படித்தான். கிட்னி மிகவும் குறைந்துபோனவருக்கு அதை நிறுத்துவார்கள். அது கிட்னியைக் கெடுக்கும் என்பதால் அல்ல, கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாமல் உடம்பில் சேரும் என்பதால். வாந்தி பேதி வந்து உடம்பு வற்றிக் கிடக்கும் நாளில் சில மாத்திரைகளை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டன் வகை ஆகவே ஆகாது. இதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். யாரோ பேசி அனுப்பிய பதிவைக் கேட்டுச் செய்வதில்லை.

உண்மையிலேயே கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒருவரும் குரல்பதிவு போடுவதில்லை. வலி மாத்திரை.

நம் ஊர் பீடி ஊர். சுளவை மடியில் வைத்துக்கொண்டு காலையில் குனிந்தால் பொழுது சாயும் வரை குனிந்திருக்கும் பெண்கள் எத்தனை ஆயிரம். கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு, விரல், எல்லாம் வலி. அந்த வலி பொய்யில்லை. மெடிக்கலில் போய் "உடம்பு வலிக்குக் கொடுங்க" என்று கேட்டால் மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் ஒரு டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ இருக்கும். அது செய்யும் வேலை உள்மடையை இறுக்குவது. அளவோடு ஒடுக்குவது வேறு, பலகையை இறக்கி அடைப்பது வேறு. பிரஷரையும் அது ஏற்றும். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து, சித்திரை வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் ஒரே வாரத்தில் கிட்னி படுத்துவிடலாம். காப்பாற்றுகிற மாத்திரையைக் கண்டு பயப்படுகிறோம், கெடுக்கிற மாத்திரையை மிட்டாய் மாதிரித் தின்கிறோம். வலிக்கு என்ன செய்ய என்று கேட்பீர்கள். பாராசிட்டமாலை அளவோடு, பிரஷரும் சர்க்கரையும் இருப்பதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பீடி சுற்றும் கூலி உயர்ந்தால் பாதி வலி குறையும் என்பது என் கட்சி, அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

அடுத்து அந்தப் பொடி. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டத்துக்காரன் நான். சித்த மருத்துவத்துக்கு நான் எதிரி இல்லை. படித்துப் பட்டம் வாங்கியவர் நாடி பார்த்துக் கொடுப்பதும், பெயர் தெரியாதவர் கூரியரில் அனுப்புவதும் ஒன்றா? "இயற்கை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஏமாற்றாதீர்கள். அரளிவிதையும் இயற்கைதான். பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை தின்ற பெண்களுக்குக் கிட்னி அழிந்த செய்தி 1993-ல் வெளிவந்தது. போகப்போக எண்ணிக்கை நூறை ஒட்டியது. காரணம் அரிஸ்டலோக்கியா என்ற செடி. நம் கரிசல் காட்டில் கிடக்கும் ஆடுதீண்டாப்பாளை அதே இனம். ஆடு தீண்டாது என்று பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள்! மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், கொழுப்பு குறையும் என்று இரும்பன்புளியைச் சாறு பிழிந்து குடித்து, ஆக்சலேட் உப்பு அடைத்துக் கிட்னி படுத்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் 2013-ல் எழுதினார்கள். பழம் தின்றவர்கள் இல்லை, மருந்தென்று சாறாகக் குடித்தவர்கள்.

இந்துப்பு, கருப்பட்டி பற்றியும் கேட்பீர்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். கருப்பட்டியும் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்கிறது. அப்பளம், ஊறுகாய், கருவாடு வைத்துச் சாப்பிடும் வீட்டில் அது மத்தியானத்துக்கே தீர்ந்துவிடும்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். "எனக்கு ஒன்றும் செய்யவில்லை சார்வாள், நல்லாத்தான் இருக்கேன்." இதுதான் ஆளைக் கொல்லும் வாக்கியம். கிட்னி வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாய் கசந்து, சோறு பிடிக்காமல் போகும்போது பெரும்பகுதி வயல் போயிருக்கும். போன வடிகட்டி திரும்ப முளைக்காது. சிறுநீர் தாராளமாகப் போகிறதே என்பதும் சமாதானம் இல்லை. தண்ணீர் போகும், கழிவுதான் போகாது.

"மாஸ்டர் செக்கப் எடுத்தேன், கிரியேட்டினின் நார்மல்" என்று சென்னையில் இருக்கும் பிள்ளைகள் சொல்வீர்கள். கிட்னியின் வேலைத்திறன் பாதியளவு குறையும் வரை கிரியேட்டினின் பெரிதாக அசையாமல் இருக்கலாம். அது தசையில் இருந்து வருவது. ஆளுக்கு ஆள் மாறும். 25 வயது இளைஞனுக்கு 1.1 என்றால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 95. அதே 1.1 ஒரு 60 வயது அம்மாவுக்கு இருந்தால் திறன் 57. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நின்றால் அதற்குப் பெயர் நாள்பட்ட கிட்னி நோய். பல ரிப்போர்ட்களில் இரண்டு பேருக்கும் எதிரே "நார்மல்" என்றுதான் இருக்கும். ஆகவே கிரியேட்டினினை மட்டும் பார்க்காமல், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் எச்சரிக்கை கொடுப்பது சிறுநீர். பிரைட் கரண்டியில் காய்ச்சிப் பார்த்த அதே ஆல்புமின். வரப்பு லேசாக அரிக்கத் தொடங்கும்போதே அது கசியும். சாதாரணப் பட்டைச் சோதனைக்கு அந்தச் சொற்ப அளவு பிடிபடாது. ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் என்று தனிச் சோதனை உண்டு, லேப்பில் ஏ.சி.ஆர். என்றால் தெரியும். காலைச் சிறுநீர் ஒரு சின்ன டப்பா. 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை என்றால் ஆரம்பச் சேதம். அதற்கு மேல் என்றால் முற்றிவிட்டது. காய்ச்சல், சிறுநீர்க் கிருமி, மாதவிலக்கு நாட்களில் பொய்யாகக் கூடும், அதனால் மூன்று முறை பார்த்து இரண்டு முறையாவது கூடியிருந்தால்தான் உறுதி செய்வார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே இதைப் பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. இந்தக் கட்டத்தில் பிடித்தால் கசிவை நிறுத்த வழி உண்டு. பளபளப்பான செக்கப் பேக்கேஜில் அறுபது எழுபது சோதனை போட்டிருப்பார்கள். இது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இது பணக்கார வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் 1990-களில் ஒரு காரியம் செய்தது. அந்தந்த ஊரில் பள்ளிப்படிப்பு முடித்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்த்து, பிரஷர் அளந்து, பிடிபட்டவர்களுக்கு இருப்பதிலேயே மலிவான பழைய மாத்திரைகளைக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன. மொத்தச் செலவை ஊர் ஜனத்தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்குச் சில ரூபாய். டயாலிசிஸ் இயந்திரம் வைத்துத் தீராத பிரச்சினையைப் பத்தாம் வகுப்புப் பெண்கள் பாதி வழியில் மறித்தார்கள். என்னுடைய மாணவிகளில் எத்தனை பேருக்கு அந்தத் திறமை இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நம் அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டம் 2023-ல் வந்தது. நாம் என்ன செய்கிறோம்? வாசலில் வந்த மாத்திரையை வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைக்கிறோம். இந்தத் திட்டம் வருவதற்கு முன், 2020-ல் எடுத்த மாநிலக் கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8 சதவீதம். நூறு பேரில் ஏழு பேர்! பரீட்சையில் இந்தத் தேர்ச்சி விகிதம் வந்திருந்தால் எங்களைக் கூப்பிட்டு என்ன கேள்வி கேட்டிருப்பார்கள்.

மதினி சொன்ன அண்ணாச்சி கதையை நானும் விசாரித்தேன். பத்து வருஷம் மாத்திரை சாப்பிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் தலை சுற்றும் அன்று சாப்பிடுவார், சரியானதும் விட்டுவிடுவார். முட்டுவலிக்கு மட்டும் தவறாமல் தினம் ஒன்று. சிறுநீரில் ஆல்புமின் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை. ஆச்சி தொண்ணூறு வரை இருந்ததற்கு, அவளுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இல்லாமல் இருந்திருக்கலாம். அவள் வயதில் நாற்பதிலேயே போனவர்கள் கதை சொல்ல மிஞ்சவில்லை.

சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே கிட்னி கெடுகிறவர்களும் உண்டு. ஆந்திராவில் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் வெயிலில் உழைக்கும் விவசாயிகளுக்கு வருகிறது, காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. வளைகுடா வெயிலில் கட்டட வேலை பார்க்கும் பிள்ளைகள் இதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீர், நிழல், வலி மாத்திரை வேண்டாம். லீவில் ஊருக்கு வரும்போது அல்வாக் கடைக்கு முன்னால் லேப்புக்குப் போங்கள்.

கமெண்டில் வரப்போகும் கேள்விகளில் ஒன்று எனக்கு இப்போதே தெரியும்: "சார், எனக்கு 38 தான் ஆகுது." முப்பது தாண்டினால் பிரஷரும் சர்க்கரையும் பார்த்தாக வேண்டும். அப்பா அம்மாவுக்கு இருந்தால் கட்டாயம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் கிட்னி லேசாகத் தொட்டவர்களுக்கும் பிரஷர் 130-க்கு 80-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். "வயசுக்கு 150 சகஜம்தான்" என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம். நான் வாத்தியார், வைத்தியர் இல்லை. ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை போக ஆள் இல்லையென்றால் மட்டும் ஒரு போன் போடுங்கள். முதல் நாள் சொன்னால் போதும், காலைச் சிறுநீர் டப்பாவோடு அவர்களை நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போகிறேன்.